மேஜையில் பேசாத மருந்து

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'மறுபடி'. எதையும் ஒரு தடவை பார்த்தால் அவளுக்கு மனசு ஆறாது. நிறுத்ததை மறுபடி நிறுப்பாள், பூட்டியதை மறுபடி இழுத்துப் பார்ப்பாள், கழுவியதை மறுபடி கழுவுவாள். அவளுக்கு மேலே இருந்த தலைமை ஆய்வாளருக்கு வாய்த்த பெயர் அதற்கு நேர் எதிர்: 'சுருக்கம்'. யார் வாயெடுத்தாலும் கையை உயர்த்தி, "சுருக்கமா சொல்லுங்க" என்பார். சொல்லி முடிப்பதற்குள் "சரி" என்று தலையாட்டிவிட்டு நடையைக் கட்டிவிடுவார். இந்த இரண்டு பேரையும் ஒரே வேலையில் கோர்த்துவிட்டவர் யாராக இருந்தாலும் நல்ல குறும்புக்காரர் என்று மருந்துக் கிடங்குக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

வேலை இதுதான். சிலருக்குச் சிறுநீர்ப்பை அடங்காது. பாதி நிறைவதற்குள் முட்டிக்கொண்டு வரும். சினிமாவுக்குப் போனால் ஓரத்து நாற்காலி தேடுவார்கள். பேருந்தில் ஏறும் முன்பே எங்கே இறங்கலாம் என்று யோசித்து வைத்திருப்பார்கள். வெளியே சொல்லவும் கூச்சம். இதற்கு ஏற்கெனவே இருக்கிற மருந்துகளில் பல, பையின் தசையைத் தளர்த்துகிறவை. தசை தளரும், கூடவே வாயும் உலரும். 'மறுபடி'யின் கையில் இருந்தது வேறு வகை. வலியையும் அழற்சியையும் அடக்கும் புது மருந்து. முட்டிவலிக்கு விழுங்குகிறோமே ஒரு மாத்திரை, அதற்குத் தூரத்துச் சொந்தம். எரிச்சலடைவதால்தான் பை பதறுகிறது என்றால், எரிச்சலைத் தணித்தால் பதற்றமும் தணிய வேண்டும் அல்லவா? அதைத்தான் அவள் எலிகளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எலியிடம் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. மயக்கம் கொடுத்து, அதன் சிறுநீர்ப்பைக்குள் நூல் போன்ற ஒரு குழாயை வைத்து, மறுமுனையைப் பிடரியில் வெளியே கொண்டுவந்து தைத்துவிடுவார்கள். புண் ஆறிய பிறகு, விழித்திருக்கும் எலியின் பைக்குள் அந்தக் குழாய் வழியே உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பை நிறைந்து சுருங்கும்போதெல்லாம் கணினித் திரையில் ஒரு கோடு மலைபோல எழுந்து இறங்கும். நல்ல பை என்றால் ஒரு மலைக்கும் அடுத்த மலைக்கும் நடுவே நீண்ட சமவெளி. உப்புநீரில் கொஞ்சம் அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரின் புளிப்பை, கலந்தால் பைக்கு எரிச்சல் வரும். மலைகள் நெருங்கி நெருங்கிக் கடைசியில் சீப்பின் பற்களைப் போல ஆகிவிடும். மருந்து வேலை செய்தால் அந்தப் பற்கள் விலகிக்கொடுக்கும்.

பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் நீர். ஒன்று சிவப்பு வில்லை ஒட்டிய புட்டியில், மற்றது பச்சை வில்லை ஒட்டிய புட்டியில். எது எதில் என்பது மருந்துக் கிடங்குக்காரருக்கு மட்டுமே தெரியும். அவர் அதை ஓர் உறையில் எழுதி ஒட்டி 'சுருக்க'த்திடம் கொடுத்திருந்தார். எந்த எலிக்கு எந்த நிறம் என்பதுகூட 'மறுபடி'க்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். இந்த விதியை அவள் அளவுக்குக் கண்ணும் கருத்துமாகக் காத்தவர்கள் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. எலிகளை வைத்திருக்கும் விலங்குக் கூடத்துப் பக்கம் அவள் தலைவைத்தும் படுக்கமாட்டாள். எலிகள் துணி மூடிய கூண்டில் அவளுடைய அறைக்கு வரும், பதிவு முடிந்ததும் திரும்பிப் போய்விடும்.

புட்டியில் இருப்பதை எலிகளுக்குக் கொடுத்து, கூண்டைக் கொண்டுவருபவள் விலங்குக் கூடத்தின் மருத்துவர், 'மறுபடி'யின் நாத்தனார்.

இது எப்படி நேர்ந்தது என்றால், கூடத்தில் இருந்த பழைய மருத்துவர் திடீரென்று வேலையை விட்டுப் போனார். கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நாத்தனார் விண்ணப்பம் போட்டாள், கிடைத்துவிட்டது. அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீடு, ஒரே ஸ்கூட்டர், இப்போது ஒரே வேலையிடம். நாத்தனாரின் அண்ணன், அதாவது 'மறுபடி'யின் கணவன், லிஃப்ட் பழுதுபார்ப்பவன். "உங்க ரெண்டு பேரையும் ஒரு லிஃப்ட்ல போட்டு நடுவுல நிறுத்தினா, எலியைப் பத்திப் பேசியே ஒரு வாரம் ஓட்டிடுவீங்க" என்பான்.

உண்மையில் அவர்கள் எலியைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதற்குக் காரணம் 'மறுபடி'யின் மாமியார், நாத்தனாரின் அம்மா.

நாத்தனார் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வெயில் நாள், மாமியார் எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு பிழிந்து கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்தார். நாத்தனார் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"அண்ணி, நேத்து மூணாங்கூண்டு எலிக்கு இதே நிறம்தான். அச்சு அசல்."

"இதைவிடக் கொஞ்சம் கலங்கலா இருந்துச்சு" என்றாள் 'மறுபடி', தானும் ஒரு டம்ளரைத் தூக்கிப் பார்த்தபடி.

அவள் கணவன் தன் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். மாமியார் எழுந்து நின்றார். திரைச்சீலை தைத்துக் கொடுத்தே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர், அளவெடுத்த மாதிரிதான் பேசுவார்.

"இன்னையிலேர்ந்து இந்த மேஜையில மூத்திரப் பேச்சு கூடாது. எலி கூடாது, ஊசி கூடாது, மருந்து கூடாது. வேலையை வாசல்லயே செருப்போட கழட்டி வெச்சுட்டு வாங்க. ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்."

மேஜைக்குப் போட்ட சட்டம் நாளடைவில் வீடு முழுக்கப் பரவி, ஸ்கூட்டர் வரைக்கும் போய்விட்டது. ஒரு விதத்தில் 'மறுபடி'க்கு அது நிம்மதியாகவும் இருந்தது. நாத்தனார் வாய்தவறி ஏதாவது உளறி, எந்த எலி எந்த நிறம் என்று தெரிந்துபோய்விட்டால்? நாத்தனாரும் லேசுப்பட்டவள் இல்லை. அண்ணிக்குத் தெரியக் கூடாது என்றால் தெரியக் கூடாது. கூண்டுகளில் மாட்டியிருக்கும் அட்டைகளையெல்லாம் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். கூடத்துக்குள் நடப்பதைப் பற்றி மூச்சு விடமாட்டாள்.

இவ்வளவு ஒழுங்காக நடந்த வேலைதான் சொதப்பியது.

எந்த எலியுமே பதறவில்லை. அமிலம் போன பிறகும் திரையில் மலைகள் சோம்பேறித்தனமாக, விட்டு விட்டு எழுந்தன. பாதி எலிகளாவது பதறியிருக்க வேண்டும். போன வருடம், பழைய மருத்துவர் இருந்த காலத்தில், முறையைப் பழகுவதற்காகச் சில எலிகளில் மருந்தே இல்லாமல் செய்து பார்த்தபோது எல்லாம் சீப்புப் பற்கள்தான். இப்போது என்ன வந்தது?

அவள் முதலில் சந்தேகப்பட்டது தன் கையை. அமிலத்தைப் புதிதாகக் கலக்கினாள். மறுபடி கலக்கினாள். நீரைத் தள்ளும் பம்பைக் கழற்றி மாட்டினாள். அழுத்தத்தை அளக்கும் கருவியை நீர்க்குழாயில் வைத்துச் சோதித்தாள். குழாய்களை ஊதிப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. அது அவளை இன்னும் கலங்கடித்தது. ஒன்றாவது உடைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். குழாயை உள்ளே வைக்கும்போதே ஏதோ தவறு செய்கிறேனோ, எனக்கு இந்த வேலையே சரிப்படாதோ என்று நினைப்பு ஓடியது. அப்படி ஓடிய நினைப்பு, விலங்குக் கூடத்துக் கதவு வரை போய் அங்கேயே திரும்பிவிடும். அந்தக் கதவைத் தாண்டி யோசிக்கக் கூடாது என்று அவள் தன்னை அவ்வளவு பழக்கியிருந்தாள்.

புதன்கிழமை 'சுருக்கம்' உறையைப் பிரித்தார். சிவப்பு மருந்து, பச்சை வெறும் நீர். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

"அப்போ மருந்து வேலை செய்யல" என்றார். "வெள்ளிக்கிழமை குழு கூடுது. ஒரு பக்கம் எழுதிக் கொடும்மா. சுருக்கமா. மூடிடலாம்."

"சார், மறுபடி ஒரு தடவை..."

"எலிக்கு அனுமதி முடிஞ்சு போச்சு. இருக்கறதை வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிச்சுடச் சொல்லியாச்சு. மறுபடின்னா எதை வெச்சு?"

சோதனை முடிந்த எலிகளை வலியில்லாமல் முடித்துவிடுவதுதான் அங்கே முறை. அதைச் செய்ய வேண்டிய கை நாத்தனாருடையது. அதைப் பற்றியும் அவர்கள் வீட்டில் பேசியதில்லை.

எந்த மருந்தைத் தொடர்வது, எதைக் கைவிடுவது என்று முடிவு செய்யும் குழு ஒரு மருந்தை மூடினால் மூடியதுதான். பிறகு அதைத் தூக்கி நிறுத்த ஒருவரும் கிடைக்கமாட்டார்கள். இந்த மருந்தை முதலில் கண்ணால் பார்த்த நாளிலிருந்து 'மறுபடி' அதனுடனேயே இருந்தவள். வேலை செய்யாவிட்டால் போகட்டும், மருந்துகளில் பெரும்பாலானவை வேலை செய்வதில்லை. ஆனால் வேலை செய்யாததற்குக் காரணம் மருந்தா, தானா என்று தெரியாமல் மூடுவதைத்தான் அவளால் செரிக்க முடியவில்லை.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் ரொட்டியைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

"என்னம்மா, எத்தனை தடவை கிள்ளுவ? அதுக்கும் வலிக்கும்ல?" என்றார் மாமியார்.

"விடும்மா" என்றான் கணவன். "ரொட்டிதானான்னு மறுபடி மறுபடி பாத்து உறுதி பண்றா."

வழக்கமாக இதற்கு அவளிடமிருந்து ஒரு முறைப்பாவது வரும். இன்றைக்கு அதுவும் இல்லை. கணவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டான்.

"என்ன ஆச்சு?" என்றார் மாமியார்.

"ஒண்ணுமில்ல அத்தை. வேலை விஷயம்."

"என்ன வேலை விஷயம்?"

"மேஜையில பேசக் கூடாதே."

மாமியார் கரண்டியை வைத்தார். "சட்டம் போட்டவளே நான்தானே? ஒரு நாளைக்குத் தள்ளி வைக்கவும் எனக்குத் தெரியும். பேசு. இரு, ஜூஸை மட்டும் எடுத்து உள்ள வெச்சுட்டு வந்துடறேன்."

அவர் எலுமிச்சைச் சாற்றை எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டு வந்து, போருக்குத் தயாராகிறவர் போல உட்கார்ந்தார். 'மறுபடி' சொன்னாள். மலை, சீப்பு, அமிலம், வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும்.  கணவன் அவள் பக்கம் தண்ணீரை நகர்த்தி வைத்தான்.

நாத்தனார் வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டு, ஆறுதலாகத்தான் ஆரம்பித்தாள். "விடுங்க அண்ணி. தசையைத் தளர்த்தற மருந்து எல்லாமே அப்படித்தான். போன தடவை பக்கத்து ரூம்ல செஞ்சதும்..."

"தசையைத் தளர்த்தறதா? இது அது இல்ல. இது அழற்சியை அடக்கறது. வலி மருந்து வகை."

நாத்தனாரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவே நின்றுவிட்டது.

"என்ன வகை?"

"வலி மருந்து வகை. ஏன்?"

"அண்ணி" என்றாள்.  "ஜெல்லி."

"என்ன ஜெல்லி?"

"ஸ்வீட்டா?" என்றான் கணவன்.

"நீ சும்மா இருண்ணா." நாத்தனார் தட்டை நகர்த்திவிட்டாள். "பழைய டாக்டர் ஆபரேஷன் அன்னைக்கு ஒரே ஒரு ஊசி போட்டு விட்டுடுவாரு. நான் வந்து பாத்தா, ஒரு எலி மறுநாளும் கண்ணை இடுக்கிக்கிட்டு, காதை மடக்கிக்கிட்டு, முதுகைக் கூனிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அதுக்கு வலிக்குது அண்ணி. எலி மூஞ்சியைப் பாத்தாலே தெரியும். அதனால வலி மருந்தை ஜெல்லியில கலந்து துண்டு போட்டு, தினமும் காலையில எல்லாத்துக்கும் குடுத்தேன். ரெக்கார்டிங் முடியற வரைக்கும். சிவப்பு, பச்சை எல்லாத்துக்கும். வித்தியாசம் பாக்கக் கூடாதேன்னு எல்லாத்துக்கும்."

"அது என்ன மருந்து?"

நாத்தனார் பெயரைச் சொன்னாள். 'மறுபடி' கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய புது மருந்துக்கு அது ஒன்றுவிட்ட அண்ணன்.

"அப்போ வெறும் தண்ணி குடிச்சதுன்னு நான் நினைச்ச எலி எல்லாம்..."

"தினமும் மருந்து சாப்பிட்டுட்டுதான் உங்ககிட்ட வந்துச்சு."

 கணவன் மனைவியையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இருங்க, எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். நீ எது குடுக்கறேன்னு இவகிட்ட சொல்லல. இவ எதைச் சோதிக்கறான்னு உங்கிட்ட சொல்லல. காலையில ரெண்டு பேரும் ஒரே வண்டியில முதுகோட முதுகு ஒட்டிக்கிட்டுப் போறீங்க."

"வண்டியில முதுகோட முதுகு எப்படிடா ஒட்டும்?" என்றார் மாமியார். அவர் குரலில் வழக்கமான உறுதி இல்லை. "அப்போ எல்லாம் என் சட்டத்தாலதான் கெட்டுச்சா?"

"ஐயோ, இல்ல அத்தை" என்றாள் 'மறுபடி'.

"ஆமாம்மா" என்றான் மகன். தாய் அவனைப் பார்த்த பார்வையில் மீதி ரொட்டியை வாய் திறக்காமல் சாப்பிட்டு முடித்தான்.

பாத்திரம் கழுவும்போது நாத்தனார் பக்கத்தில் வந்து நின்றாள். எச்சில் தட்டுகளைத் தேய்த்துத் தேய்த்து நீட்டினாள்.

"நாளைக்கு நான் போய் சாருகிட்ட சொல்றேன் அண்ணி. எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல. என்ன பண்ணுவாரோ தெரியல. பரவால்ல."

"நீ ஏன் சொல்லணும்? எதுவும் கேக்காம இருந்தது நான்."

"ஆனா ஒண்ணு." நாத்தனார் குழாயை மூடினாள். "ஜெல்லி குடுத்தது தப்புன்னு மட்டும் சொல்லமாட்டேன். யாரு கேட்டாலும்."

"தப்புன்னு நான் சொன்னேனா? இந்தத் தட்டுல சோப்பு போகல பாரு. மறுபடி கழுவு."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு முதல் தடவையாக 'மறுபடி'யும் சிரித்தாள்.

மறுநாள் காலை இரண்டு பேரும் ஒன்றாகவே 'சுருக்க'த்தின் அறைக்குப் போனார்கள். அவர் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். கை தானாக உயர்ந்தது.

"சுருக்கமா..."

"இதைச் சுருக்கமா சொல்ல வராது சார்" என்றாள் 'மறுபடி'. "உக்காருங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. அவர் உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்து ஒருவர் பேச்சை முழுதாகக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். நாத்தனார் ஜெல்லிக் கதையை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள்.

"இதை என்கிட்ட கேட்டு செய்யணும்னு தோணலையாம்மா உனக்கு?"

"கேட்டேன் சார். வலி மருந்தை நீட்டிக்கிறேன்னு சொன்னேன். நீங்க படியில எறங்கிட்டே 'சரி'ன்னீங்க."

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார்.  திடீரென்று முகம் மலர்ந்தது.

"இருங்க. இது நல்லதுதானே? போன வருஷம் மருந்தே இல்லாத எலி எல்லாம் பதறிச்சு. இந்த வருஷம் ஒரு கூட்டத்துக்கு நம்ம மருந்து, இன்னொண்ணுக்கு ஜெல்லி. எதுவும் பதறல. அப்போ இந்த வகை மருந்து வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்? நாளைக்குக் குழுவுல அப்படியே சொல்லிடலாம். மருந்து பொழைச்சுது. உங்க நாத்தனார் பேருல ஒரு தப்பும் இல்ல, சொல்லப்போனா ஒரு சோதனையை இலவசமா முடிச்சுக் குடுத்திருக்காங்க. கதை முடிஞ்சுது."

'மறுபடி' திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓட ஆரம்பித்திருந்தது. 'சரி சார்' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். மருந்து தப்பும், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த இரண்டு வார்த்தையும் நாக்கு நுனி வரை வந்துவிட்டன.

"சிவப்பு எலியும் ஜெல்லி சாப்பிட்டுச்சு சார்" என்றாள். "அது அமைதியா இருந்தது நம்ம மருந்தாலயா, ஜெல்லியாலயா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. போன வருஷத்து எலி வேற. நானே அப்ப வேற, கை பழகாத காலம். அதோட இதை வெச்சுப் பாத்து எப்படி சார் சொல்றது?"

"அப்போ என்ன பண்ணலாம்கற?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். 

"மறுபடியா?" என்றார் அவர்.

"மறுபடி" என்றாள் அவள். "புது எலி வேணாம். இருக்கற எலியே போதும், குழாயும் நல்லாத்தான் இருக்கு. ஜெல்லியை நிறுத்திட்டு, அது உடம்பை விட்டுப் போற வரைக்கும் காத்திருந்து, புட்டிக்குப் புது நிறம் ஒட்டிச் செய்யலாம்."

"எனக்கு ஒரு நிபந்தனை இருக்கு" என்று நாத்தனார் குறுக்கிட்டாள். இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.  "ஒவ்வொரு எலி மூஞ்சியையும் பாத்துட்டுதான் நிறுத்துவேன். வலி இருக்கற எலிக்கு நிறுத்தமாட்டேன். அது சோதனைக்கு வராது. அப்புறம், உங்க பதிவு முடிஞ்ச நிமிஷம் எல்லாத்துக்கும் ஜெல்லி. ஒண்ணு விடாம."

'சுருக்கம்' இருவரையும் பார்த்தார். "சரி" என்று சொல்ல வாயெடுத்தவர், என்ன தோன்றியதோ நிறுத்திவிட்டு, "எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள்னு மறுபடி சொல்லும்மா" என்றார்.

அனுமதியை நீட்டித்து வாங்கவும், குழுவில் அந்த மருந்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கவும் அவரே போய் நின்றார். அந்தப் பேச்சு சுருக்கமாக முடியவில்லையாம். மருந்துக் கிடங்குக்காரர் ரசித்து ரசித்துச் சொன்னார்.

நாத்தனார் ஒவ்வொரு எலியையும் கையில் எடுத்துப் பார்த்தாள். கண் விரிந்திருக்கிறதா, காது நிமிர்ந்திருக்கிறதா, மீசை தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். இரண்டு எலிகள் தேறவில்லை, அவை ஜெல்லியோடு ஒதுங்கின. மற்றவை காத்திருந்தன. கிடங்குக்காரர் நீலமும் மஞ்சளுமாகப் புது வில்லைகள் ஒட்டினார்.

பதிவு நாட்களில் நாத்தனார் கூண்டைக் கொடுத்துவிட்டு உடனே போய்விடுவாள். 'மறுபடி' அமிலத்தைத் திறந்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். முதல் எலிக்கு மலைகள் விலகியே இருந்தன.  இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவது எலிக்குக் கோடு எழுந்தது, இறங்கியது, இறங்கி முடிப்பதற்குள் எழுந்தது. பிறகு இடைவெளியே இல்லை. சீப்புப் பற்கள். போன வருடம் பார்த்த அதே பற்கள்.

வந்துவிட்டது என்று அவள் மனம் துள்ளியது. அந்தத் துள்ளல் அடங்குவதற்குள் கூண்டைப் பார்த்தாள். எலி மூலையில் ஒடுங்கி நின்று, அடிக்கொரு தரம் திரும்பித் தன் வயிற்றை முகர்ந்துகொண்டிருந்தது. எதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்று அவளுக்கு ஒரு கணம் சங்கடமாக இருந்தது. வேண்டிய அளவு பதிவானதும் ஒரு நொடிகூடக் கூட்டாமல் அமிலத்தை நிறுத்தி, பையை வெறும் உப்புநீரால் கழுவிவிட்டாள். கதவைத் திறந்தால் நாத்தனார் நடையிலேயே நின்றிருந்தாள், கையில் மூடிய தட்டோடு.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. இதுக்குச் சீக்கிரம் குடு."

"எப்படி வந்துச்சுன்னு கேக்கல" என்று சொல்லிக்கொண்டே கூண்டை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

எல்லாம் முடிந்த அன்று 'சுருக்கம்' உறையைப் பிரித்தார். மஞ்சள் மருந்து, நீலம் வெறும் நீர். மஞ்சள் எலிகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு மலைகள் விலகி இருந்தன. நீல எலிகளில் ஒன்றுகூட விடாமல் சீப்பு. அந்த ஒரு மஞ்சள் எலி மட்டும் ஏன் அடங்கவில்லை என்று 'மறுபடி' கேட்கத் தொடங்கினாள். அதற்குள் அவர், "அதை அடுத்த சோதனையில கேளு. அடுத்த சோதனை உண்டு" என்றார்.

குழு அந்த மருந்தை மூடவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் வலி மருந்தின் பெயரைச் சோதனை செய்பவரும் விலங்கு மருத்துவரும் முதல் நாளே நேரில் பேசிக்கொள்ள வேண்டும் என்று புதிதாக ஒரு விதியும் வந்தது. வீட்டில் மாமியாரும் தன் சட்டத்தைத் திருத்தினார். சாப்பிட்டு முடித்த பிறகு, மேஜையைத் துடைத்த பிறகு, பேசிக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாறு இருக்கும் நாளில் அதுவும் கூடாது. நாத்தனாரின் வேலையைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆண்டு முடிந்ததும் நிரந்தரம் ஆகிவிடும் என்று கிடங்குக்காரர் காதில் போட்டுவைத்தார்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால், உறையைப் பிரித்த அன்று பிற்பகல், 'மறுபடி' முதல் தடவையாக விலங்குக் கூடத்துக் கதவைத் தள்ளினாள். உள்ளே சூடாக, மரத்தூள் வாசனையோடு இருந்தது. கூண்டு அட்டைகள் எல்லாம் இன்னும் சுவரைப் பார்த்தபடியே இருந்தன. நாத்தனார் ஜெல்லித் தட்டைக் கையில் வைத்திருந்தாள்.

"இனிமே அட்டையைத் திருப்பலாம் அண்ணி. தெரிஞ்சா ஒண்ணுமில்ல."

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். நீலம், மஞ்சள், நீலம். சீப்புப் பற்கள் காட்டிய அந்த எலி நீலம்தான். நாத்தனார் தட்டை நீட்டினாள். 'மறுபடி' ஒரு துண்டு ஜெல்லியை எடுத்துக் கம்பிக்குள் நீட்டினாள். எலி வந்து முகர்ந்து பார்த்து, இரண்டு முன்கால்களாலும் வாங்கிக்கொண்டு, பின்னங்கால்களில் உட்கார்ந்து கடிக்க ஆரம்பித்தது. கண் நன்றாக விரிந்திருந்தது.

"நாளைக்குக் காலையில எல்லாத்தையும் முடிச்சுடணும்ல?" என்றாள் 'மறுபடி'.

"ஆமா. நான்தான் செய்யணும்."

"நானும் கூட வரவா?"

நாத்தனார் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். கூண்டுக்குள் ஜெல்லி கடிபடும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு முடியப்போற எலிக்கு இன்னைக்கு வலி மருந்து எதுக்குன்னு பழைய டாக்டர் கேட்டிருப்பாரு" என்றாள் 'மறுபடி'.

"கேட்டிருப்பாரு" என்றாள் நாத்தனார், அடுத்த கூண்டைத் திறந்தபடி. "இன்னைக்கு சாயங்காலம் இருக்கே அண்ணி."

'மறுபடி' தட்டை வாங்கிக்கொண்டு அடுத்த வரிசையில் ஆரம்பித்தாள். வரிசையின் கடைசிக்குப் போனதும், ஏதாவது கூண்டை விட்டுவிட்டோமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. திரும்பி முதலிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.